பேர் மட்டும் எழுதத் தெரியும்

மூன்றாவது தடவையும் மை மட்டும்தான் விழுந்தது. ரேகை விழவில்லை.

முதியோர் கல்வி வகுப்பில் சேர வந்தவர்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்த சாமுவேல் சார் தாளைத் தூக்கி வெயில் பக்கம் பிடித்துப் பார்த்தார். நீள உருண்டையாக ஒரு கறுப்புக் கறை. சுழி இல்லை. கோடு இல்லை.

"அமுக்காதீங்கம்மா. லேசா உருட்டுங்க."

"லேசாத்தான் சார் உருட்டிக்கினு இருக்கேன்," என்றார் கன்னியம்மா அக்கா.

மைப்பெட்டி காய்ந்துவிட்டதோ என்று சார் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அவர் ரேகை பளிச்சென்று விழுந்தது. பாலாற்று மணலில் காற்று போடும் வரி மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டார். அவருக்கும் கறைதான். அதற்கடுத்தவருக்கும் கறை. வரிசை முடிந்தபோது தாள் முழுக்க ஒரே மாதிரி கறுப்பு உருண்டைகள். பக்கத்தில் பேர் எழுதாமல் விட்டிருந்தால் எது யாருடையது என்று சாமிக்கே தெரிந்திருக்காது.

சார் தாளை என் பக்கம் திருப்பினார்.

"ஏழுமலை, இன்னாப்பா இது?"

"சுண்ணாம்பு சார்," என்றேன்.

சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரமே எழுதிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. பச்சைத் தோலில் இருந்து முடி கழல வேண்டும். அதற்காகச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறப் போடுவோம். அதைப் புரட்டுவதும் இழுத்துப் போடுவதும் மனுஷன் கைதான். மாட்டுத் தோலையே உரிக்கிற சுண்ணாம்பு நம் தோலை விட்டுவைக்காது.

நாங்கள் பாடம் நடத்தப் போன அந்தக் காலனி ஜனங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தொட்டி வேலை. கை தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ரேகையே போயிருக்கும் என்று தெரியாது.

எல்லாரும் எழுந்து போனபிறகு என் விரலையும் வைத்துப் பார்த்தேன். நானும் ஐந்து வருஷம் தொட்டியில் இருந்தவன். பள்ளிக்கூடம் போனவன் என்பதால் எங்கேயும் கையெழுத்துத்தான் போட்டிருக்கிறேன். கைநாட்டு வைக்க வேண்டி வந்ததே இல்லை.

எனக்கும் கறை.

சேகர் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தான். குடியாத்தத்துப் பையன். லுங்கித் தறி வைத்திருக்கும் வீடு. வாத்தியார் பயிற்சியில் எனக்கு ஜோடி.

"அடப்பாவி, நீ திருடப் போனா போலீசுக்குப் பேஜாருடா," என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் அவசரம்

கன்னியம்மா அக்கா மட்டும் போகாமல் கதவோரம் நின்றார். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், நான் வந்ததே இதுக்குத்தான். திங்கக்கெழமைக்குள்ள என் பேரு எழுதக் குடுத்துடுங்க."

விஷயம் இது. அக்கா குடிசை தோல் ஷெட் முதலாளி இடத்தில் இருந்தது. ஷெட்டைப் பெரிசு பண்ணப் போகிறார்கள். குடிசையை எடு என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் புருஷன் செத்து ரொம்ப காலம். இரண்டு பெண் பிள்ளைகள். சர்க்காரில் வீட்டு மனைப் பட்டா தருகிறார்கள் என்று அக்கா மனு கொடுத்திருந்தார். மனுவில் கைநாட்டு. பட்டா தயாராகிவிட்டது. வாங்கப் போனால் இன்னொரு கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மனுவில் இருப்பது கறை. இப்போது வைத்ததும் கறை.

ஆபீசில் இருந்த கிளார்க், "இது நீதான்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாராம். ஊரில் பழைய மணியக்காரர் வேலை போய், புதிதாக ஒருவர் வந்திருந்த சமயம். அடையாளம் சொல்ல அவருக்கு யாரையும் தெரியாது. "கையெழுத்துப் போடக் கத்துக்கினு திங்கக்கெழமை வா, குடுத்துடறேன்," என்று கிளார்க் அனுப்பிவிட்டார்.

எந்த ஆபீஸ் என்று எழுதவில்லை. எழுதி இப்போது என்ன ஆகப் போகிறது.

சாமுவேல் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மொதல்ல கிளாசுக்கு வாங்கம்மா. பேரு கடைசியில தானா வரும்," என்றார்.

"கடைசின்னா எப்போ சார்?"

"ஒரு ஆறு மாசம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நான் வாத்தியார் ஆன விதம்

நான் எட்டாவது வரைக்கும்தான். அதற்குமேல் படிக்க வீட்டில் வழியில்லை, எனக்கும் ஆசை இல்லை. தொட்டி வேலைக்குப் பிறகு தோல் காயவைக்கும் பக்கம் மாற்றினார்கள். மத்தியானம் சும்மா இருக்கும்போது தொழிலாளிகளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். அதைப் பார்த்த ஒருவர் முதியோர் கல்விக்கு ஆள் எடுக்கிறார்கள், போ என்றார். போனேன்.

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், பெரிய லீவில், பயிற்சி. ஆலங்காயத்தில் இருந்து வந்தார்கள், திமிரியில் இருந்து வந்தார்கள். பாதிப் பேர் எஸ்.எஸ்.எல்.சி. நான்தான் படிப்பில் கம்மி. பகலில் எங்களுக்குப் பாடம். சாயங்காலம் வேலை முடிகிற சங்கு ஊதியபிறகு காலனியில் நாங்கள் பாடம் நடத்த வேண்டும். சாமுவேல் சார் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறினால்தான் நடத்த ஒரு கல்வி மையம் கிடைக்கும். மையம் கிடைத்தால்தான் வாத்தியார்.

சாமுவேல் சார் நல்ல மனுஷன். கணியம்பாடி பக்கம். சத்தம் போட்டுப் பேசமாட்டார். முதல் நாள் எங்கள் எல்லாரையும் இடது கையால் பேர் எழுதச் சொன்னார். எழுதினோம். கோழி கிளறின மாதிரி இருந்தது. சேகர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான்.

"இப்ப இன்னா தோணுது?" என்றார் சார்.

"வெட்கமா இருக்குது சார்," என்றாள் திமிரிப் பெண் ஒருத்தி.

"அதான். ஸ்லேட்டு புடிக்கிற ஒவ்வொரு பெரியவங்களுக்கும் அந்த வெட்கம் இருக்கும். மறக்காதீங்க."

அது நல்ல பாடம். இன்னொரு பாடமும் சொன்னார். யாருக்கும் முதலில் பேர் எழுதக் கற்றுத்தரக் கூடாது. பேர் எழுத வந்ததும் அடுத்த நாளில் இருந்து வரமாட்டார்கள். அவர் அப்படி எத்தனையோ மையம் மூடியதைப் பார்த்திருக்கிறார். "அது எழுத்து இல்ல. கோலம். பேரை மட்டும் வரையத் தெரிஞ்சவங்களால பஸ் போர்டு கூடப் படிக்க முடியாது," என்றார்.

அவர் முறை வேறு. ஒரு படத்தை மாட்ட வேண்டும். அதைப் பற்றி ஜனங்களைப் பேசவிட வேண்டும். பேச்சு சூடான பிறகு ஒரு வார்த்தை. பிறகுதான் எழுத்து.

அவர் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கன்னியம்மா அக்காவுக்குத் திங்கட்கிழமை இருந்தது.

எழுத்து ஏறாத பலகை

மறுநாள் நடந்ததை சேகர் ரொம்ப வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.

ஸ்லேட்டும் சாக்பீசும் கொடுத்தோம். அக்கா ஒரு கோடு போட்டார். விழவில்லை. அழுத்திப் போட்டார். சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் இருந்தவர் ஸ்லேட்டிலும் அதேதான். கரும்பலகைக்கு ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கை பட்ட இடமெல்லாம் பளபளவென்று ஆனது. அதற்குமேல் நான் எழுதினாலும் ஏறவில்லை.

சார் எழுந்து வந்தார். "ஸ்லேட்டுல இன்னாப்பா தடவி வெச்சிருக்கீங்க?"

எனக்கு வாசனை அடித்தது. புங்க எண்ணெய்.

"யாரு எண்ணெ தடவிக்கினு வந்தது?" என்று கேட்டேன்.

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் மாதிரி. பெருமையாகவே தூக்கினார்கள்.

தொட்டியில் இறங்கும் முன்னால் முழங்கை வரைக்கும் எண்ணெய் பூசுவது எங்கள் வழக்கம். சுண்ணாம்பு கொஞ்சம் கம்மியாகக் கடிக்கும். நேற்று சாக்பீஸைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளையாக இருக்கிறது, மாவாக உதிர்கிறது, விரல் வெடிப்பில் பட்டதும் எரிகிறது. சுண்ணாம்பு என்று முடிவு பண்ணிவிட்டார்கள். படிப்பு என்பது இன்னொரு தொட்டி வேலை என்று நினைத்து, அதற்கு ஏற்ற மாதிரி தயாராக வந்திருக்கிறார்கள்.

"சாரு ஊட்டுப் பசங்க இத வெறுங்கையிலயா புடிக்கிதுங்க?" என்று கேட்டார் ஒருவர். நிஜமான கவலையோடு கேட்டார்.

சார் தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பதினஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன் ஏழுமலை," என்றார்.

எனக்குச் சுலபத்தில் திக்கென்று ஆகாது. தோல் ஷெட்டில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஒருமுறை கழிவுத் தண்ணித் தொட்டியில் இறங்கினவரைக் கயிறு கட்டித் தூக்கினோம். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டேன். அப்படிப்பட்டவன்தான். ஆனால் அந்த எண்ணெய்க் கைகளை வரிசையாகத் தூக்கியபோது நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் கன்னியம்மா அக்காவே வழி கண்டுபிடித்தார். ஷெட்டில் குப்பையில் கிடக்கும் மெல்லிசு ஆட்டுத்தோல் துண்டை சாக்பீஸில் சுற்றி நூல் கட்டிக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் ஒவ்வொன்று.

"இன்னாக்கா இது?"

"சொக்கா போட்டு வுட்டேன். இனிமே கடிக்காது," என்றார்.

தண்ணி

நான் மாட்டிய படம் கிணறு. சார் சொன்ன முறைப்படியே மாட்டினேன்.

"இது இன்னா?"

"கெணறு."

"உங்க கெணறு எப்படி இருக்குது?"

அவ்வளவுதான். பிறகு என்னால் பேச முடியவில்லை.

"டீ மாதிரி இருக்குது."

"டீன்னா சக்கரை போட்டுக் குடிக்கலாமே. உப்பு போட்ட டீ."

"எங்க மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்ச்சு. அதுக்கு இருக்கிற ரோசம் நமக்கு இல்ல."

"உனுக்கு ரோசம் இருந்தா குளிக்கறதையும் நிறுத்து."

"அவ எங்க குளிக்கிறா, நிறுத்தறதுக்கு!"

ஒரே சிரிப்பு. சாருக்கு சந்தோஷம். நான் பலகையில் 'தண்ணி' என்று பெரிசாக எழுதினேன். எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டினேன். இரண்டு நாள் அதே வார்த்தை. யார் உதவியும் இல்லாமல் முதலில் எழுதியது கன்னியம்மா அக்கா. ஸ்லேட்டை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார்.

வகுப்பு முடிந்ததும் அக்காவும் நானும் ஆற்றுப்பக்கம் நடப்போம். அவர் வீட்டுக்குப் போகும் வழி. பாலாற்றில் தண்ணி ஏது, மணல்தான். அங்கே உட்கார்ந்து விரலால் பேரை எழுதிக் காட்டுவேன். அக்கா அதன்மேலேயே விரலை ஓட்டுவார். பிறகு பக்கத்தில் தானாக எழுதுவார். மணலுக்கு எண்ணெயும் தெரியாது, வெடிப்பும் தெரியாது. அக்காவின் சின்னப் பெண் தப்பு எடுக்கும். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படித்தது.

"யம்மா, னி-க்கு மேல வளைக்கல."

"இவ ஒருத்தி, இன்ஸ்பெக்டரு."

சாருக்குத் தெரியாமல் செய்கிறோம் என்று எனக்குப் பயம் இருந்தது. மையம் கிடைக்காமல் போனால் திரும்ப ஷெட்டுக்குத்தான். ஆனால் அந்தம்மாவிடம் ஆறு மாசம் பொறு என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசி நாள்

பயிற்சியின் கடைசி நாள் சாயங்காலம் சார் சோதனை வைத்தார். நான் பாடம் நடத்தினேன். ஓரளவுக்கு நன்றாகவே நடந்தது.

"யாரு வந்து பலகையில எழுதறீங்க?" என்று சார் கேட்டார்.

கன்னியம்மா அக்கா எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். தோல் சுற்றிய சாக்பீஸை எடுத்தார். சார் எதிர்பார்த்தது 'தண்ணி'. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அக்கா 'கன்னியம்மா' என்று எழுதினார். பலகையின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி வரைக்கும். எழுதிவிட்டுச் சாரைப் பார்த்துச் சிரித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார்.

சார் கை தட்டவில்லை.

எல்லாரும் போனதும் கேட்டார். "நீதானா?"

"ஆமா சார்."

"நான் சொன்னது காதுல வுழலயா?"

"வுழுந்துது சார்."

"உன் சர்ட்டிஃபிகேட்டை நிறுத்தி வெக்கிறேன்," என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சேகருக்குக் கொடுத்தார், மற்ற எல்லாருக்கும் கொடுத்தார். நான் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தேன்.

புது ஆபீசர்

திங்கட்கிழமை அக்காவோடு ஆபீசுக்குப் போனேன். அக்கா பெட்டியில் வைத்திருந்த கல்யாணச் சேலை கட்டியிருந்தார். தலையில் கனகாம்பரம்.

பழைய கிளார்க் இல்லை. லீவு. நாற்காலியில் புதிதாக ஒரு ஆபீசர். மாற்றலில் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார்கள். சின்ன வயசு, மரியாதையாகவே பேசினார்.

"கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

பேனாவை வாங்கி அக்கா எழுதினார். ரொம்ப நேரம் ஆனது. பியூன் வந்து நின்று பார்த்தான். மின்விசிறிக்குப் பறக்காமல் தாளின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். கடைசி எழுத்து முடிந்ததும் அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நல்லா எழுதறீங்களே," என்றார் ஆபீசர். பிறகு மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"மனுவுல கைநாட்டு வெச்சிருக்கு."

"ஆமா சார்."

"இவ்ளோ நல்லா எழுதறவங்க எதுக்குக் கைநாட்டு வெச்சீங்க?"

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே புரியவில்லை.

"மனு குடுத்தது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா. நீங்க எழுதத் தெரிஞ்சவங்க. அப்போ நீங்க அவங்க இல்லையே," என்றார். "முன்ன வேலை பார்த்த எடத்துல இதே மாதிரி ஒருத்தி இன்னொருத்தி பட்டாவை வாங்கிக்கினு போய்ட்டா. நான்தான் பதில் சொன்னேன்."

நான் தாளை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். இப்பத்தான் கத்துக்கினாங்க," என்றேன்.

"நீங்க யாரு?"

"முதியோர் கல்வி வாத்தியார் சார்."

"சர்ட்டிஃபிகேட் காட்டுங்க."

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

"நாளைக்கு சாயங்காலம் யாரும் வாங்காத பட்டாவெல்லாம் மேலாபீசுக்குத் திரும்பிப் போயிடும். அதுக்குள்ள உங்க அதிகாரி யாராச்சும் வந்து சொல்லட்டும்," என்று மனுவை மூடினார்.

வெளியே வந்து அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதாம கறையே வெச்சிருக்கணுமா வாத்தியாரே?" என்றார்.

கணியம்பாடி

வேலூர் போய் பஸ் மாறி கணியம்பாடிக்குப் போனேன். சாமுவேல் சார் வீட்டு வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எதிரில். என்னைப் பார்த்ததும், சர்ட்டிஃபிகேட் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"அது முடிஞ்ச கதை ஏழுமலை."

"அதுக்கு வரல சார்."

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கை நின்றுவிட்டது. கடலை கையிலேயே இருந்தது.

"எழுதினதாலயா குடுக்கல?"

"ஆமா சார்."

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். சார் மனைவி, "இது இன்னாங்க அநியாயம்," என்றார். சார் உள்ளே போய்ச் சட்டையைத் தேடினார். இந்நேரம் போனால் ஆபீஸ் மூடியிருக்கும் என்று மனைவி சொன்னபிறகுதான் உட்கார்ந்தார்.

"காலையில மொத பஸ்சுக்கு வர்றேன். நீ அந்தம்மாவைக் கூட்டிக்கினு வந்துடு," என்றார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. பை நிறையக் கடலை கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் ஆபீசில் சார் தன் அடையாள அட்டையைக் காட்டினார். இந்தம்மா எங்கள் வகுப்பில்தான் இப்போது கற்றுக்கொண்டார், அதற்குமுன் கைநாட்டுதான் என்று சொன்னார். கை ரேகை ஏன் விழாது என்பதையும் சொன்னார்.

ஆபீசர் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார். "நீங்க சொல்றது சரின்னா இவங்களுக்குப் பேரு மட்டும்தான் எழுத வரணும். ஒரு வாரத்துல வேற இன்னா வந்துடும்? வேற எதாச்சும் எழுதச் சொல்லுங்க. வரலைன்னா இவங்க புதுசுதான்னு நம்பிடறேன். வந்துச்சுன்னா முன்னயே படிச்சவங்க."

அக்காவுக்கு வேறு ஒரு வார்த்தை நன்றாக வரும் என்று அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"எழுதுங்கம்மா. எந்த வார்த்தையானாலும் சரி," என்றார் ஆபீசர். பேனாவை நீட்டினார்.

அக்கா வாங்கினார். குனிந்தார். பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு சின்ன வளைவு தொடங்கியது. எனக்கு அது என்ன எழுத்து என்று தெரிந்துவிட்டது. சாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பேனா அங்கேயே நின்றது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"வராது சார்."

"ஒரு எழுத்து கூடவா?"

"எனக்கு இன்னா சார் தெரியும். பேரு மட்டும் வரைஞ்சு காட்டினாங்க. அத வரைவேன். மத்தபடி மண்ணு."

ஆபீசர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வேலை முடிந்த சிரிப்பு. பியூன் சத்தமாகச் சிரித்தான். பட்டாவை எடுத்துக் கொடுத்தார்கள். எங்கே கையெழுத்து என்று பியூன் விரலால் தொட்டுக் காட்டினான். அக்கா அவன் விரலைத் தள்ளிவிட்டுத் தன் பேரை எழுதினார்.

வெளியே வந்ததும் சார், "ஏம்மா..." என்று தொடங்கினார்.

"வுடுங்க சார்," என்றார் அக்கா. "உள்ள நின்னப்போ ஊடா எழுத்தான்னு ஆய்ட்ச்சு. ஊடுன்னுட்டேன்."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வாரமே மையத்தை ஆரம்பிச்சுடு. சர்ட்டிஃபிகேட் வந்து சேரும்," என்றார். நான் தலையை ஆட்டினேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

மையம் தொடங்கிய நாள், பேர் எழுதத் தெரிந்தவர் இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கன்னியம்மா அக்கா வந்தார். எல்லாருக்கும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டார். பலகையில் நான் எழுதியதை எல்லாரும் எழுதினார்கள். அவர் எழுதவில்லை. மறுநாளும் அப்படித்தான்.

பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் கீறேன்."

"அப்புறம்?"

சாக்பீஸை எடுத்தார். ஸ்லேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரும்ப மடியில் வைத்துவிட்டார்.

"தெரியாதுன்னு வாயால சொல்லிட்டு வந்துட்டேன் இல்ல வாத்தியாரே," என்றார். "கை கூசுது."